செய்தி போய்ச் சேர்ந்ததா?

பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கிறது தங்கச்சிமடம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வானம் கறுத்திருக்கும் நாட்களில் இவ்வூர்ப் பள்ளிகளில் பாடம் நடத்துவது எளிதல்ல. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலருடைய அப்பாவோ அண்ணனோ மாமாவோ படகில் போயிருப்பார்கள். அந்த நாட்களில் ஊரில் இரண்டு கேள்விகள் காதில் விழும். "பாம்பன்ல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்பது முதல் கேள்வி. "கடலுக்குப் போன போட்டுகளுக்குத் தகவல் போயிருச்சா?" என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு வானிலை அறிவியல் பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வி செய்தித் தொடர்பைப் பற்றியது. வங்கி, ரயில்வே, மருத்துவமனை, பள்ளிக்கல்வி என எந்தத் துறையின் பெரிய கணினி அமைப்பை உருவாக்குபவரும் நாள்தோறும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார். அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா? சேரவில்லை என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது? யார் பொறுப்பில் இருக்கிறது? நாம் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் சர்வர்கள் செய்திகளை எப்படிப் பெற்று, சேமித்து, உரியவரிடம் சேர்க்கின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமல்லாமல், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இது வகுப்பில் பயன்படும்.

கூண்டு ஏன் இறக்கப்படுவதில்லை?

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கம் 160 ஆண்டுப் பழமை உடையது. 1864ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே, 1865இல், கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல்தான் உருவானது. அதாவது, வானிலைத் துறைக்கும் மூத்தது இந்த எச்சரிக்கை முறை.

பகலில் கூம்பு, உருளை வடிவப் பொருள்களைக் கம்பத்தில் ஏற்றுகிறார்கள். அவற்றைத்தான் நாம் கூண்டு என்கிறோம். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் அதே பொருளைத் தருகின்றன. எண்கள் 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் தொலைவில் புயல் சின்னம் அல்லது புயல். 3, 4 என்றால் துறைமுகப் பகுதிக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11ஆம் எண்ணுக்குப் பொருள் வேறு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம்.

ஒலிபெருக்கி அறிவிப்பையும் கூண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கியில் சொன்ன செய்தி அந்த நேரத்தில் அங்கே இருந்தவருக்கு மட்டும் கிடைக்கும். பத்து நிமிடம் கழித்து வந்தவருக்கு அது இல்லை. கூண்டு அப்படியல்ல. ஏற்றிய பிறகு, இறக்க உத்தரவு வரும்வரை அது கம்பத்திலேயே நிற்கும். அதிகாலையில் வலை ஏற்ற வருபவரும் பார்ப்பார், நண்பகலில் வருபவரும் பார்ப்பார். சொல்பவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயத்தைக் கூண்டு நீக்கிவிட்டது. செய்தியைச் சேமித்து வைப்பதன் முழுப் பயனும் இதில் அடங்கியிருக்கிறது.

கணினிக்குள் ஒரு தபால் நிலையம்

காலை வழிபாடு முடிந்ததும் ஓர் ஆசிரியர் கைபேசியில் வருகையைப் பதிவு செய்கிறார். நம் மாநிலத்தில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. ஏறத்தாழ ஒரே நேரத்தில் இத்தனை பள்ளிகளிலிருந்தும் தகவல் வருவதாகக் கற்பனை செய்வோம். எதிர்முனையில் உள்ள சர்வர் ஒவ்வொரு தகவலையும் வாங்கி, சரிபார்த்து, பதிவேட்டில் எழுதி, தொகுப்பு அறிக்கையையும் திருத்தி முடித்த பிறகுதான் ஆசிரியருக்குப் பதில் சொல்லும் என்றால், திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு பகுதி நின்றுபோனால் எல்லாமே நின்றுவிடும்.

இதற்குத் தபால் துறை நமக்கு எப்போதோ காட்டிய வழி இருக்கிறது. கடிதம் எழுதுபவர் பெறுநரின் வீட்டுவாசலில் காத்திருப்பதில்லை. தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார். கடிதத்தைக் காப்பதும் கொண்டுபோவதும் தபால் துறையின் பொறுப்பு. கணினி அமைப்புகளிலும் இப்படி ஒரு தபால் நிலையத்தை நடுவில் வைக்கிறார்கள். அதைச் செய்திச் சர்வர் என்று அழைப்போம்.

அது ஐந்து படிகளில் வேலை செய்கிறது. முதலில் அனுப்புபவரிடமிருந்து செய்தியை வாங்குகிறது. அடுத்து அதைத் தன் சேமிப்பில் எழுதி வைக்கிறது. எழுதிய பிறகே "பெற்றுக்கொண்டேன்" என்று அனுப்பியவருக்கு ஒப்புகை தருகிறது. பெறுநர் தயாராக இருக்கும்போது செய்தியை அவரிடம் கொடுக்கிறது. அவரிடமிருந்து ஒப்புகை வந்த பிறகுதான் தன்னிடமுள்ள படியை நீக்குகிறது. பதிவுத் தபாலில் கையெழுத்துடன் திரும்பிவந்த ஒப்புகை அட்டையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தத் துறையின் வளர்ச்சியில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கும் உண்டு. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் படித்த விவேக் ரணதிவே, 1980களின் நடுவில், பங்குச் சந்தை நிறுவனங்களுக்காக ஒரு செய்திப் பரிமாற்ற மென்பொருளை உருவாக்கினார். விலை மாற்றத்தை ஒருவர் வெளியிட்டால், அதற்குப் பதிவு செய்துகொண்ட அனைவருக்கும் அது உடனே போய்ச் சேரும். 1993இல் ஐ.பி.எம். நிறுவனம் எம்க்யூ சீரிஸ் என்ற செய்திச் சர்வரை வெளியிட்டது. 1998இல் ஜாவா மொழிக்கான பொதுவான செய்தி விதிமுறையாக ஜே.எம்.எஸ். வந்தது. 2007இல் ராபிட்எம்க்யூ வந்தது. 2011இல் காஃப்கா பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று நாம் பணம் அனுப்பினாலும், ரயில் சீட்டு எடுத்தாலும், பின்னணியில் இத்தகைய செய்திச் சர்வர் ஏதேனும் ஒன்று வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தச் சர்வர்களில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, வரிசை. ஒரு செய்தியை ஒருவர் மட்டுமே எடுப்பார். வங்கியில் பல கவுன்டர்கள் இருந்தாலும் ஒரு டோக்கனை ஒரே ஒரு கவுன்டர்தான் கவனிக்கும் அல்லவா, அதுபோல. மற்றொன்று, அறிவிப்பு. ஒரே செய்தி, பதிவு செய்துள்ள அனைவருக்கும் படியெடுத்துக் கொடுக்கப்படும். புயல் எச்சரிக்கை இவ்வகை. இதில் ஒரு நுட்பம் உண்டு. அறிவிப்பு வெளியான நேரத்தில் இணைப்பில் இல்லாதவருக்கு அது கிடைக்காமல் போகலாம். "நான் இல்லாதபோது வந்தவற்றையும் எனக்காக எடுத்து வை" என்று முன்கூட்டியே நிலையான பதிவு செய்திருந்தால் மட்டுமே திரும்பி வந்ததும் கிடைக்கும். முன்னது ஒலிபெருக்கி, பின்னது கூண்டு.

அமைப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள்

செய்திச் சர்வரை நிறுவுவது அரை மணி நேர வேலை. அதைச் சரியாக அமைப்பதுதான் கடினம். அமைப்பவர் எடுக்கும் சில முடிவுகளைப் பொறுத்தே செய்தி பிழைப்பதும் தொலைவதும் இருக்கிறது.

முதல் முடிவு, எங்கே சேமிப்பது? கணினியின் நினைவகத்தில் வைத்தால் வேகம் அதிகம். ஆனால் மின்சாரம் போனால் செய்தியும் போய்விடும். வட்டில் எழுதினால் சற்றுத் தாமதம் ஆகும், ஆனால் சர்வர் மீண்டும் இயங்கும்போது செய்தி அப்படியே இருக்கும். வட்டே பழுதடையலாம் என்பதால், முக்கியமான இடங்களில் இன்னொரு சர்வரிலும் படி வைக்கிறார்கள். ஜே.எம்.எஸ். விதிமுறையில், வேறு எதுவும் சொல்லாவிட்டால் செய்தி நிலையாகச் சேமிக்கப்பட வேண்டும் என்பதே இயல்பு. ராபிட்எம்க்யூவில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வரிசையை நிலையானது என்று அமைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு செய்தியையும் நிலையானது என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் சர்வர் மீண்டும் இயங்கும்போது வரிசை இருக்கும், உள்ளே இருந்த செய்திகள் இருக்கமாட்டா. அலமாரி பத்திரமாக இருந்து கோப்புகள் காணாமற்போன கதைதான்.

இரண்டாவது முடிவு, ஒப்புகை எப்போது தருவது? செய்தி கைக்கு வந்தவுடனே ஒப்புகை தந்துவிட்டு, வேலையைப் பிறகு செய்யலாம். ஆனால் நடுவில் கணினி நின்றால் செய்தி தொலைந்துவிடும், ஏனெனில் சர்வர் தன் படியை ஏற்கெனவே நீக்கியிருக்கும். வேலையை முடித்துவிட்டு ஒப்புகை தந்தால் செய்தி தொலையாது. ஆனால் வேலை முடிந்து, ஒப்புகை போவதற்குள் இணைப்பு அறுந்தால், சர்வர் அதே செய்தியை இரண்டாம் முறை அனுப்பும்.

மூன்றாவது முடிவு இதிலிருந்தே பிறக்கிறது. ஒரே செய்தி இருமுறை வந்தால் என்ன செய்வது? சத்துணவு எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். "இன்று உண்பவர்கள் 142 பேர்" என்ற செய்தி இருமுறை வந்தாலும் பதிவேட்டில் 142தான் இருக்கும். "இன்னும் 5 பேரைச் சேர்த்துக்கொள்" என்ற செய்தி இருமுறை வந்தால் கணக்கு 5 கூடிவிடும். ஆகவே, முடிந்தவரை முதல் வகையாகச் செய்தியை எழுத வேண்டும். முடியாத இடத்தில் ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

நான்காவது முடிவு, எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஜே.எம்.எஸ். முறையில் நாம் காலவரம்பு தராவிட்டால் செய்தி காலாவதி ஆவதே இல்லை. காஃப்காவில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 7 நாட்கள். வாட்ஸ்அப் சர்வர், சேராத செய்தியை 30 நாட்கள் வரை வைத்திருக்கிறது. எது சரி என்பது செய்தியைப் பொறுத்தது. சம்பளப் பட்டியல் காலாவதி ஆகக் கூடாது. "இன்று மாலை வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற செய்தி மூன்று நாள் கழித்துச் சேர்ந்தால் குழப்பமே மிஞ்சும்.

ஐந்தாவது, எது முதலில்? ஜே.எம்.எஸ். செய்திகளுக்கு 0 முதல் 9 வரை முன்னுரிமை எண் தரலாம். எதுவும் தராவிட்டால் 4. மீன் வளம் மிகுந்த பகுதி எது என்ற அறிவிப்பும் புயல் எச்சரிக்கையும் ஒரே வழியில் போகும்போது, எது முந்த வேண்டும் என்பதை அமைப்பவர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆறாவது, சேரவே முடியாத செய்தியை என்ன செய்வது? முகவரி தவறாக இருக்கலாம், செய்தியே பழுதாகி இருக்கலாம். திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தால் பின்னால் நிற்கும் நல்ல செய்திகளும் தேங்கிவிடும். ஆக்டிவ்எம்க்யூ சர்வர் இயல்பாக 6 முறை மறுமுயற்சி செய்துவிட்டு, அச்செய்தியைத் தனியான ஒரு வரிசைக்கு மாற்றிவிடும். தபால் துறையில் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத கடிதங்களுக்கென்று தனி அலுவலகம் இருப்பதைப் போன்றது இது. கணினித் துறை இந்த வரிசைக்குப் பெயரையும் தபால் துறையிடமிருந்தே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த வரிசையைத் தினமும் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். பார்க்க ஆள் இல்லாத வரிசை, பூட்டிய அறையில் இருக்கும் புகார்ப் பெட்டிக்குச் சமம்.

கடைசியாக ஒன்று. சேமிப்பிடம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? புதிய செய்தியை ஏற்க மறுக்கலாம், பழையதை நீக்கலாம், அனுப்புபவரைக் காக்க வைக்கலாம். மூன்றுக்கும் விலை உண்டு. முன்கூட்டியே நாம் முடிவு செய்யாவிட்டால், நெருக்கடி நேரத்தில் சர்வர் தன் இயல்புப்படி முடிவு செய்யும். அது நமக்கு உகந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடலில் இதே கேள்வி

இனி கடலுக்கு வருவோம். கைபேசிச் சமிக்ஞை கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கி.மீ. வரைதான் கிடைக்கும். அதற்கு அப்பால் உள்ளவருக்குக் கரையில் ஏற்றிய கூண்டும் தெரியாது, கைபேசிச் செய்தியும் சேராது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலை ஒட்டி மிக வேகமாக வலுப்பெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்பே பல படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தது. படகில் இருந்தவர்களுக்கு அதைச் சேர்க்கும் வழி இல்லை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை.

அதன் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ஹைதராபாத்தில் உள்ள, இன்காய்ஸ் என அறியப்படும் கடல்சார் தகவல் சேவை மையம், விமான நிலைய ஆணையத்துடன் சேர்ந்து இதைக் கொண்டுவந்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாகச் செய்தி படகுக்கு வருகிறது. படகில் உள்ள சிறு கருவி அதை வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிச் செயலிக்குத் தருகிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீனவர் படிக்கலாம். கரையைத் தாண்டி எச்சரிக்கை செல்ல வழி பிறந்தது. ஆனால் இது ஒருவழிப் பாதை. படகிலிருந்து "கிடைத்தது" என்ற ஒப்புகை கரைக்கு வராது. கரையில் இருப்பவருக்கு, அனுப்பியது தெரியும், சேர்ந்தது தெரியாது.

அடுத்த கட்டமாக, இருவழிச் செய்திக்கான டிரான்ஸ்பாண்டர் கருவிகள் வந்தன. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான இக்கருவிகளை, 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களைச் சேர்ந்த 1 லட்சம் படகுகளில் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. படகு எங்கே இருக்கிறது என்பது கரைக்குத் தெரியும். கரையிலிருந்து எச்சரிக்கை போகும். ஆபத்தில் இருப்பவர் கடலிலிருந்தே உதவி கேட்கலாம். தொழில்நுட்ப மொழியில் சொன்னால், ஜெமினிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பதில் வர ஒரு பாதை இருக்கிறது என்பதுதான்.

எச்சரிக்கைச் செய்தியை எழுதும் முறைக்கும் உலகப் பொது விதி இருக்கிறது. 2004இல் உருவான இந்த விதிமுறையை நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் அமைப்பும் பின்பற்றுகிறது. இதன்படி ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனி அடையாள எண், அனுப்பியவர், அனுப்பிய நேரம், பொருந்தும் பகுதி ஆகிய விவரங்கள் இருக்கும். காலாவதி நேரத்தையும் குறிக்கலாம். இது புதிய எச்சரிக்கையா, முந்தையதன் திருத்தமா, ரத்தா, அல்லது ஒப்புகையா என்பதும் குறிக்கப்படும். உண்மை எச்சரிக்கையா, சோதனையா என்பதற்கும் தனி இடம் உண்டு. 2023இல் நம் கைபேசிகள் திடீரென்று பலத்த ஒலி எழுப்பி, இது சோதனை என்று அறிவித்தது நினைவிருக்கும். மேலே பார்த்த முடிவுகளில் பலவும் இந்த விவரங்களைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. எண் இருந்தால்தான் இரண்டாம் முறை வந்ததை ஒதுக்க முடியும். காலாவதி நேரம் இருந்தால்தான் பழைய செய்தியை நீக்க முடியும்.

கருவிகள் இல்லாத காலத்திலிருந்தே இப்பகுதியில் இன்னொரு நல்ல வழக்கமும் இருக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். வானிலை மோசமானால் டோக்கன் தரமாட்டார்கள். டோக்கன் வெறும் அனுமதிச் சீட்டு அன்று. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அதுவே. பட்டியல் இருந்தால்தான் யாருக்குச் செய்தி சேரவில்லை என்ற கேள்வியைக் கேட்கவே முடியும்.

11ஆம் எண் கூண்டு

முதலில் நிறுத்தி வைத்த 11ஆம் எண்ணுக்கு இப்போது வருவோம். பெரும் அபாயத்துக்கும் மேலான அபாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள், புயல் எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான். "எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை, நிலைமை மோசமாக இருக்கலாம்" என்பதை ஊருக்குச் சொல்லும் குறியீடு அது.

செய்தி வராமல் இருப்பதும் ஆபத்து இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதை இத்தீவு மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணியர் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த 100க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. நிலையத்துக்குச் சற்று முன் கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு, நீளமாக ஊதிக்கொண்டு ரயிலை நகர்த்தினார் என்றும் இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அந்த இருட்டில் அவருக்குக் கிடைத்தது மௌனம் மட்டுமே. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

நல்ல செய்திச் சர்வர் அமைப்பிலும் 11ஆம் எண் கூண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். இணைந்துள்ள ஒவ்வொரு கணினியும் சில நொடிகளுக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சிறு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பு என்று அதைச் சொல்வார்கள். துடிப்பு நின்றால், சர்வர் அதை அமைதி என்று எடுத்துக்கொள்வதில்லை. இணைப்பு அறுந்தது என்று எடுத்துக்கொண்டு, பொறுப்பாளரை எழுப்புகிறது. அக்கணினிக்குக் கொடுத்து ஒப்புகை வராத செய்திகளைத் திரும்ப வரிசையில் வைக்கிறது.

வகுப்பறையில்

6 முதல் 8ஆம் வகுப்பு வரை, ஒரே பாடவேளையில் இதை விளையாட்டாக நடத்தலாம். ஐந்தாறு மாணவர்கள் படகுகள். ஒருவர் கரை. படகுகளில் பாதிப் பேர் வகுப்புக்கு வெளியே நிற்கட்டும்.

முதல் சுற்றில், கரை செய்தியைச் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு எல்லாரையும் அழைத்து, யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். இரண்டாம் சுற்றில், ஒரு மாணவியைச் சேமிப்பாளர் ஆக்குங்கள். கரை செய்திச் சீட்டுகளை அவளிடம் தரும். அவள் யார் யாருக்கு எந்தச் சீட்டு என்று நோட்டில் எழுதி வைத்து, படகு உள்ளே வரும்போது கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாம் சுற்றில், பாதியில் சேமிப்பாளரை மாற்றுங்கள். நோட்டில் எழுதியிருந்தால் அடுத்தவர் தொடர முடியும். மனத்தில் மட்டும் வைத்திருந்தால் முடியாது. நினைவகத்துக்கும் வட்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே விளங்கிவிடும். சீட்டுகளில் ஒன்றில் "காலை 10 மணி வரை மட்டும்" என்று எழுதி வைத்து, 10 மணிக்குப் பிறகு அதைக் கொடுக்கலாமா என்று விவாதிக்கச் சொல்லுங்கள். மீனவக் குடும்பப் பிள்ளைகள் இந்த விவாதத்தில் நமக்கே சொல்லித் தருவார்கள்.

மேல்வகுப்புகளில் வாட்ஸ்அப் குறிகளிலிருந்து தொடங்கலாம். ஒரு சாம்பல் குறி என்றால் செய்தி சர்வருக்குச் சேர்ந்தது. இரண்டு சாம்பல் குறி என்றால் பெறுநரின் கைபேசிக்குச் சேர்ந்தது. இரண்டும் நீலமானால் அவர் திறந்து பார்த்தார். மாணவர்கள் தினமும் பார்க்கும் இந்தக் குறிகளுக்கு நடுவில்தான் சேமிப்பும் ஒப்புகையும் நடக்கின்றன. ஒரு குறியோடு நிற்கும் செய்தி இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்விகளுக்கு அவர்களே விடை தேடட்டும்.

நம் பணிக்கும் இது பொருந்தும். செயலித் திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தால், அது நம் கைபேசியில் சேமிக்கப்பட்டதா, சர்வரிலா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். சந்தேகம் இருந்தால் திரும்பத் திரும்ப அழுத்துவதைவிட, பதிவு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்தில் 30 செ.மீ.க்கு மேல். அத்தகைய மழைநாளில் விடுமுறைச் செய்தியைக் குழுவில் போட்டதோடு நம் வேலை முடிவதில்லை. கைபேசி இல்லாத வீடு, நெட் தீர்ந்த வீடு, அம்மாவும் அதிகாலையே வேலைக்குப் போய்விட்ட வீடு எவை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்த நான்கைந்து வீடுகளின் பட்டியலை முன்பே எழுதி வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் சொல்லியனுப்பி, "சொல்லிட்டேன் டீச்சர்" என்ற பதிலைப் பெற்ற பிறகே அந்தச் செய்தி முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான செய்திகளைக் கையாளும் சர்வரும் இதைத்தான் செய்கிறது.